ஓடுவதும் ஓட்டுவதும்: ‘ரன்’ என்ற ஒரு சொல்லுக்கு வந்த கடிதங்கள்

இரண்டு இதழ்களுக்கு முன் ஒரு வாசகர், இராமேசுவரத்து விடுதி ஒன்றின் வாசலில் ‘24 மணி நேரமும் ஓடும் தண்ணீர்’ என்று எழுதி வைத்திருப்பது சரியான தமிழா என்று இந்தப் பகுதியில் கேட்டிருந்தார். ‘ரன்னிங் வாட்டர்’ என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்ததால் வந்த வாசகம் அது என்று இரண்டே வரியில் பதில் எழுதினேன். அந்த இரண்டு வரி போதாது என்பதைத் தொண்டி முதல் வாலிநோக்கம் வரை கடற்கரை ஊர்களிலிருந்து வந்த கடிதங்கள் எனக்கு உணர்த்திவிட்டன. ஆகவே இந்த இதழில் ‘ரன்’ என்ற வினைச்சொல்லைப் பற்றிய கேள்விகளுக்கு மட்டும் விடை எழுதுகிறேன். கடிதங்களைச் சுருக்கி, எழுதியவர்களின் பெயரை விட்டு, ஊரை மட்டும் குறித்திருக்கிறேன். இந்தக் கரையோரப் பள்ளிகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆங்கிலம் கற்பித்தவன் என்ற முறையில், இதே கேள்விகளைக் கேட்ட பிள்ளைகளுக்கு அன்று நான் அரைகுறையாகச் சொன்ன விடைகளையும் சேர்த்தே இங்கே திருத்திக்கொள்கிறேன்.

கேள்வி: என் மகன் ஏழாம் வகுப்பு படிக்கிறான். ‘மை ஃபாதர் ரன்ஸ் எ ஷாப்’ என்ற வாக்கியத்தை ‘என் வாப்பா ஒரு கடையை ஓடுகிறார்’ என்று தமிழில் எழுதியிருந்தான். ஆசிரியை அதைச் சிவப்பு மையால் அடித்து ‘நடத்துகிறார்’ என்று மேலே எழுதிக் கொடுத்திருக்கிறார். “ரன் என்றால் ஓடு என்றுதானே எனக்குச் சொல்லிக் கொடுத்தீர்கள் உம்மா, ஓடுவது எப்படி நடப்பது ஆயிற்று?” என்று என்னைக் கேட்கிறான். அவனுக்கு என்ன விடை சொல்வது?
— ஒரு வாசகி, கீழக்கரை.

பதில்: சகோதரி, உங்கள் மகன் கேட்டது வெறும் பிள்ளைக் கேள்வி அன்று, இந்தச் சொல்லின் பூட்டைத் திறக்கும் சாவியே அந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது. அவன் எழுதிய வாக்கியத்தில் ஒரே ஒரு எழுத்துதான் குறைகிறது. ‘கடையை ஓடுகிறார்’ என்பது பிழை. ‘கடையை ஓட்டுகிறார்’ என்று எழுதியிருந்தால், பேச்சு வழக்கில் நாம் அன்றாடம் சொல்லும் வாக்கியமாகவே அது ஆகியிருக்கும். ‘எப்படியோ கடையை ஓட்டிக்கொண்டிருக்கிறேன்’ என்று சொல்லாத வியாபாரி உங்கள் கடைத்தெருவில் உண்டா?

தானாக ஓடுவது ஓடு. ஒன்றை ஓடச் செய்வது ஓட்டு. முன்னதைத் தன்வினை என்றும் பின்னதைப் பிறவினை என்றும் நம் இலக்கணம் பிரித்து வைத்திருக்கிறது. ஆடு, ஆட்டு, கூடு, கூட்டு, திருந்து, திருத்து என்று நூற்றுக்கணக்கான வினைகள் இப்படி இரட்டையாகவே நம்மிடம் வழங்குகின்றன, எழுதப் படிக்கத் தெரியாதவரும் இவற்றை மாற்றிச் சொல்வதில்லை. ஆங்கிலத்திலும் ஒரு காலத்தில் இப்படித்தான் இருந்தது. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வழங்கிய பழைய ஆங்கிலத்தில், தானாக ஓடுவதற்கு ‘இர்னன்’ என்று ஒரு வினையும், ஓடச் செய்வதற்கு அதனோடு உடன்பிறந்த ‘ஏர்னன்’ என்று இன்னொரு வினையும் இருந்தன. குதிரையைச் செலுத்துவதற்கு இரண்டாவது வினையைப் பயன்படுத்தினார்கள். காலப்போக்கில் இரண்டும் ஒலியில் நெருங்கி, ஐரோப்பாவின் வடக்கே ஸ்காண்டிநேவியாவிலிருந்து வந்து குடியேறியவர்களின் மொழியிலிருந்த இதே வகைச் சொற்களோடும் கலந்து, கடைசியில் ‘ரன்’ என்ற ஒரே சொல்லாக ஒடுங்கிவிட்டன. இன்றைய ஜெர்மன் மொழியில் நீர் ஒழுகுவதற்கு ‘ரின்னன்’ என்றும், ஆள் ஓடுவதற்கு ‘ரென்னன்’ என்றும் அந்தப் பழைய இரட்டையர் இன்னும் தனித்தனியாகவே வாழ்கிறார்கள்.

ஆகவே ‘ரன்’ என்று எங்கே பார்த்தாலும், முதலில் உங்கள் மகன் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது ஒன்றுதான்: இங்கே ஓடுகிறதா, ஓட்டுகிறார்களா? வினைக்குப் பின்னால் செயப்படுபொருள் ஒன்று வந்தால் பெரும்பாலும் அது ஓட்டுவதாகவே இருக்கும். பையன் ஓடுகிறான், வாப்பா கடையை ஓட்டுகிறார்.

இனி, நடத்துவதற்கு வருவோம். ‘நட’ என்பதன் பிறவினைதான் ‘நடத்து’. கடை, பள்ளிக்கூடம், குடும்பம், கூட்டம் ஆகியவற்றை ஆங்கிலேயர் ஓட வைக்கிறார்கள், நாம் நடக்க வைக்கிறோம். ‘வியாபாரம் எப்படி நடக்கிறது?’ என்று நாம் கேட்கும்போது அந்த நடையில் ஒழுங்கும் மதிப்பும் இருக்கின்றன. ‘எப்படியோ ஓடுகிறது’ என்று பதில் வந்தால் அதில் சிரமத்தின் சாயல் ஒன்று ஏறிவிடுகிறது. ஆசிரியை ‘நடத்துகிறார்’ என்று திருத்தியது எழுத்துத் தமிழுக்கு முற்றிலும் சரி. ஆனால் அதற்கான காரணத்தையும் பிள்ளைக்குச் சொல்லியிருந்தால், அவன் மனத்தில் அந்தச் சிவப்பு மை வலியாகத் தங்கியிருக்காது.

இன்னொன்றையும் அவனிடம் சொல்லுங்கள். வ.உ. சிதம்பரம் பிள்ளையைக் கப்பலோட்டிய தமிழர் என்கிறோம். அவர் சுக்கானைப் பிடித்துக் கப்பலைச் செலுத்தவில்லை. 1906இல் சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கி, தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் போக்குவரத்தை நடத்தினார். அந்தப் பட்டத்திலுள்ள ‘ஓட்டிய’ என்ற சொல் சுமக்கும் பொருளும், ‘ரன்ஸ் எ ஷாப்’ என்பதிலுள்ள ‘ரன்’ சுமக்கும் பொருளும் ஒன்றேதான்.

கேள்வி: ‘ரன்’ என்ற சொல்லுக்கு 645 பொருள் உண்டு என்று எங்கள் பேராசிரியர் வகுப்பில் கூறினார். இது உண்மையா? ஒரு சொல்லுக்கு அத்தனை பொருள் எப்படி இருக்க முடியும்? அத்தனையையும் ஆங்கிலேயர் நினைவில் வைத்திருக்கிறார்களா?
— கல்லூரி மாணவர், தொண்டி.

பதில்: தம்பி, உங்கள் பேராசிரியர் கூறிய எண் சரியானதுதான். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் திருத்திய பதிப்பில், வினைச்சொல்லாக மட்டும் ‘ரன்’ என்பதற்கு 645 பொருள்கள் பிரித்துக் காட்டப்பட்டிருக்கின்றன. அந்தப் பதிவைத் திருத்தி எழுதிய அகராதியாசிரியர் பீட்டர் கில்லிவர், அந்த ஒரு சொல்லுக்காகவே ஏறத்தாழ ஒன்பது மாதம் செலவிட்டார். இதே அகராதியின் 1989ஆம் ஆண்டுப் பதிப்பில் மிக நீண்ட பதிவு ‘செட்’ என்ற சொல்லுக்கு உரியதாக இருந்தது. அந்த முதலிடம் பின்னர் ‘ரன்’ என்பதற்குப் போயிற்று.

எவரும் 645 பொருளையும் மனப்பாடம் செய்வதில்லை. அகராதியாசிரியர் பிரிப்பதும் பேசுகிறவர் உணர்வதும் வெவ்வேறு. நம் சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். படகு ஓடுகிறது, மோட்டார் ஓடுகிறது, நாள் ஓடுகிறது, படம் நூறு நாள் ஓடியது, சுவரில் வேர் ஓடியிருக்கிறது, கண்ணில் செவ்வரி ஓடியிருக்கிறது, நினைவு எங்கோ ஓடுகிறது, அந்தப் பெண் ஓடிப்போய்விட்டாள். இவை எட்டும் எட்டுப் பொருள் என்று நீங்கள் இதுவரை எண்ணியிருக்க மாட்டீர்கள். அகராதிக்காரர் எண்ணியாக வேண்டும். படகுக்கு இடம் மாறுகிறது. மோட்டார் நின்ற இடத்திலேயே சுழல்கிறது. வேரும் செவ்வரியும் அசைவதே இல்லை, அவற்றின் மீது நம் கண்தான் ஓடுகிறது. சாலையைப் பற்றி ஆங்கிலத்தில் ‘ரன்’ என்பதும் இதனால்தான். ‘இந்தச் சாலை தனுஷ்கோடிக்குப் போகிறது’ என்று நாமும் சொல்கிறோம். சாலை போவதில்லை, போகிற கண்ணைச் சாலையின் மேல் ஏற்றிச் சொல்கிறோம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. கூரை ஓடு, ஆமை ஓடு என்பவற்றிலுள்ள ஓடு, ஓடுகிற ஓடு அன்று. உருவத்தில் மட்டும் ஒன்றான வேறு சொல் அது. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியைப் புரட்டினால் அவை தனித்தனிப் பதிவுகளாக நிற்பதைக் காணலாம். ஆங்கிலத்தில் மட்டை என்ற பொருள் தரும் ‘பேட்’ வேறு, வௌவால் என்ற பொருள் தரும் ‘பேட்’ வேறு என்பதைப் போன்றது இது. ‘ரன்’ என்பதன் 645இல் இப்படித் தற்செயலாக உருவம் ஒத்துவந்த அந்நியர் இல்லை. எல்லாம் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை.

கேள்வி: விடுதி வாசலில் இருந்த அந்தப் பலகையை எழுதியவன் நான்தான். நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு அழித்துவிட்டேன். புதிதாக என்ன எழுத வேண்டும் என்று சொல்லுங்கள்.
— விளம்பரப் பலகை எழுதுபவர், இராமேசுவரம்.

பதில்: ஐயா, உங்கள் கடிதத்தைப் படித்தபோது நான் இன்னும் பொறுப்போடு அந்தப் பதிலை எழுதியிருக்க வேண்டும் என்று தோன்றியது. ‘எந்நேரமும் குழாயில் தண்ணீர் வரும்’ என்று எழுதுங்கள், அது போதும்.

தண்ணீர் நமக்கு வருவது, குழாயில் ஓடுவதன்று. இந்த மாவட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. நாலைந்து குடங்களை வைத்துத் தள்ளிக்கொண்டு போகும் வண்டியும், விடியுமுன் தெருக்குழாயடியில் இடம்பிடித்து வைத்த வெறுங்குடங்களின் வரிசையும் நாம் பார்த்து வளர்ந்தவை. ஒரு பெண் கதவைத் திறந்து எட்டிப் பார்த்து, “தண்ணி வந்திருச்சா?” என்றுதான் பக்கத்து வீட்டைக் கேட்பாள். ஆங்கிலம் நீரின் பக்கத்தில் நின்று அது ஓடுவதைச் சொல்கிறது. தமிழ் குடத்தின் பக்கத்தில் நின்று அது வருவதைச் சொல்கிறது. வைகையைப் பற்றிய பேச்சும் இப்படித்தான். வைகை பாக் நீரிணையில் கலக்கிறது என்று சொல்வதற்கு ஆங்கிலப் பாடத்தில் ‘ரன்ஸ்’ என்று போடுவார்கள். ஆற்றங்கரை என்ற ஊருக்குப் பக்கத்தில் அது கடலில் சேரும் முகத்துவாரம் உண்மையிலேயே இருக்கிறது. ஆனால் பல ஆண்டுகளில் இராமநாதபுரம் பெரிய கண்மாயோடு நீர் நின்றுவிடும். அதனால் எங்கள் பக்கத்தில் ‘வைகை ஓடுகிறது’ என்பதைக் காட்டிலும் ‘வைகையில் தண்ணீர் வந்திருக்கிறது’ என்ற செய்திக்குத்தான் மதிப்பு அதிகம்.

கேள்வி: என் தம்பி வளைகுடா நாடு ஒன்றில் மீன்பிடிப் படகில் வேலை செய்கிறான். ஒரு நாள் எஞ்சினைக் கவனிப்பவர், ‘ஃபியூயல் இஸ் ரன்னிங் அவுட்’ என்று கைப்பேசியில் செய்தி அனுப்பியிருக்கிறார். டீசல் வெளியே ஓடுகிறது என்று எண்ணி, தம்பியும் கூட இருந்தவர்களும் குழாய்களையும் தொட்டியின் அடியையும் அரை மணி நேரம் தடவித் தடவிப் பார்த்தார்களாம். எங்கும் ஒழுகவில்லை. கடைசியில் டீசல் தீரப்போகிறது என்பதுதான் பொருள் என்று தெரிந்து, அவசரமாகக் கரைக்குத் திரும்பியிருக்கிறார்கள். இப்படி ஆபத்தான சொற்களை எப்படிக் கண்டுகொள்வது?
— ஒரு வாசகி, பாம்பன்.

பதில்: சகோதரி, உங்கள் தம்பி நலமாகக் கரை சேர்ந்தது ஆறுதல். அவர் செய்தது அறியாமையும் அன்று. ‘அவுட்’ என்றால் வெளியே. ‘ரன்’ என்றால் ஓடு. இரண்டையும் கூட்டி வெளியே ஓடுகிறது என்று எண்ணியதில் ஒரு முறை இருக்கிறது. உண்மையில் கசிவைச் சொல்லவும் அதே இரண்டு சொல்லை ஆங்கிலத்தில் பயன்படுத்த இடமுண்டு. ஆனால் சரக்கு, பணம், நேரம், எரிபொருள் ஆகியவற்றைப் பற்றிய பேச்சில் ‘ரன் அவுட்’ என்று வந்தால், நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது இடங்களில் அது தீர்ந்துபோவதையே குறிக்கும். கசிவைச் சொல்ல விரும்புகிறவர் ‘லீக்’ என்ற சொல்லைத்தான் போடுவார். ஆகவே ‘லீக்’ என்று இருந்தால் குழாயைப் பாருங்கள், ‘ரன்னிங் அவுட்’ என்று இருந்தால் அளவுமானியைப் பாருங்கள் என்று தம்பிக்கு எழுதுங்கள்.

இந்த வினையோடு ஒட்டும் சிறு சொற்கள் அதன் பொருளை அடியோடு மாற்றிவிடும். ‘இன்டு’ ஒட்டினால் மோதுவது, அல்லது எதிர்பாராமல் ஒருவரைச் சந்திப்பது. ‘ஓவர்’ ஒட்டினால் வண்டி ஒருவர் மீது ஏறிவிடுவது. ‘ஷார்ட்’ ஒட்டினால் தட்டுப்பாடு. ‘ட்ரை’ ஒட்டினால் வற்றிப்போவது. நமக்கு இது புதிதன்று. நாம் சொல்லைப் பின்னால் ஒட்டி இதையே செய்கிறோம். ஓடிவா, ஓடிப்போ, ஓட்டிவிடு, ஓட்டிப்பார் என்ற நான்கையும் ஓர் ஆங்கிலேயர் கற்க வேண்டுமென்றால் அவரும் உங்கள் தம்பியைப் போலவே தடுமாறுவார்.

கடலில் இருப்பவர் கட்டாயம் தெரிந்துவைத்திருக்க வேண்டியது இன்னும் ஒன்று உண்டு: ‘ரன் அக்ரவுண்ட்’. கப்பலோ படகோ தரை தட்டுவதை இப்படிச் சொல்வார்கள். ‘ரன்’ என்பதைப் பார்த்து ஓடுகிறது என்று நினைத்துவிடக் கூடாது. ஓட்டம் அங்கே நின்றுவிட்டது. வள்ளுவர் 496ஆம் குறளில்,

கடலோடா கால்வல் நெடுந்தேர் கடலோடும்
நாவாயும் ஓடா நிலத்து

என்றார். வலிய சக்கரங்களையுடைய தேர் கடலில் ஓடாது, கடலில் ஓடும் கப்பலும் நிலத்தில் ஓடாது. தேருக்கும் நாவாய்க்கும் அன்றே ஒரே ஓடு என்ற வினை பொருந்தியிருப்பதைக் கவனியுங்கள். ‘திரைகடல் ஓடியும் திரவியம் தேடு’ என்று கொன்றை வேந்தன் சொல்வதும் கடலில் பயணம் செய்வதைத்தான். உங்கள் தம்பி செய்துகொண்டிருப்பதும் அதுவே.

கேள்வி: நான் ரயில்வேயில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். எஞ்சின் ஓட்டுநர்களும் கார்டுகளும் தங்கி உறங்கும் அறைக்கு ‘ரன்னிங் ரூம்’ என்று பெயர். உறங்கும் இடத்துக்கு இந்தப் பெயர் ஏன் வந்தது என்று பேரன் கேட்கிறான்.
— ஒரு வாசகர், மண்டபம்.

பதில்: ஐயா, வண்டியோடு போய் வேலை பார்ப்பவர்களை ரயில்வேயில் ‘ரன்னிங் ஸ்டாஃப்’ என்பது தங்களுக்குத் தெரிந்ததே. அவர்களுக்கான அறை ‘ரன்னிங் ரூம்’ ஆயிற்று. அறைக்கு அடைமொழி அதில் நடக்கும் செயலைக் கொண்டு வரவில்லை, அதில் தங்கும் ஆட்களைக் கொண்டு வந்தது. தமிழில் ‘ஓடும் அறை’ என்று யாரும் பெயர்க்காமல் ‘ரன்னிங் ரூம்’ என்றே வைத்துக்கொண்டது நல்லதாயிற்று. பெயர்த்துத்தான் ஆகவேண்டும் என்றால் ‘வண்டிப் பணியாளர் ஓய்வறை’ என்பேன்.

தங்கள் கேள்வி வேறொன்றையும் நினைவூட்டுகிறது. ‘இந்த ரயில் வாரத்தில் மூன்று நாள் ஓடும்’ என்கிறோம். அது நிலையத்தில் நின்றுகொண்டிருக்கும்போதும் ஓடுகிற ரயில்தான். சேவை நடக்கிறது என்பதே பொருள். 1914இல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது முதல், 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாலம் திறக்கப்பட்டது வரை, ‘இராமேசுவரத்துக்கு ரயில் ஓடவில்லை’ என்ற வாக்கியத்தைத் தங்கள் ஊர் நிலையத்தில் தாங்கள் ஆயிரம் முறையாவது கேட்டிருப்பீர்கள். வண்டிகள் மண்டபம் வரை ஓடிக்கொண்டுதான் இருந்தன. தனுஷ்கோடிக்கோ, 1964 டிசம்பர் புயலுக்குப் பிறகு இன்றுவரை ரயில் ஓடவில்லை. இந்த ‘ஓட’ என்பதைச் சக்கரத்தின் ஓட்டமாக எண்ணுகிறவர்களுக்கு அந்த வாக்கியத்தின் முழுப் பாரமும் தெரியாது. ஓர் ஊருக்கு வருவதற்கும் போவதற்கும் இருந்த வழி அற்றுப்போயிற்று என்பது அதன் பொருள்.

கேள்வி: தேர்தலில் போட்டியிடுவதை ஆங்கிலச் செய்தியில் ‘ரன்’ என்கிறார்களே?
— ஒரு வாசகர், தேவிபட்டினம்.

பதில்: அது அமெரிக்க வழக்கு. பிரிட்டனில் ‘ஸ்டாண்ட்’ என்பார்கள், அதாவது நிற்பது. நம் வேட்பாளரும் நிற்கிறார். எனவே தமிழில் ‘ஓடுகிறார்’ என்று எழுதவே கூடாது.

கேள்வி: கிரிக்கெட்டில் ‘ரன்’ என்பதா, ‘ஓட்டம்’ என்பதா, எது சரி?
— பள்ளி மாணவர், ஏர்வாடி.

பதில்: இரண்டும் சரி. கடல் தாண்டி வரும் இலங்கைத் தமிழ் வானொலியைக் கேட்பவர்களின் காதில் ‘ஓட்டங்கள்’ என்றே விழும். நம் மைதானத்தில் ‘ரன்’ என்கிறோம். பந்து எல்லைக் கோட்டைத் தாண்டினால் யாரும் ஓடாமலே நான்கு ஓட்டம் கிடைக்கிறது அல்லவா? செயலின் பெயர் கணக்கின் பெயராக மாறிவிட்டது. அவ்வளவே.

கேள்வி: ஆங்கிலத்தில் ஒரே சொல்லால் சொல்வதை நாம் முப்பது சொல்லால் சொல்ல வேண்டியிருக்கிறது. மூக்கு ஒழுகுகிறது, சாயம் போகிறது, காய்ச்சல் அடிக்கிறது, கிணறு வற்றுகிறது, செய்தி வெளியாகிறது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வினை தேட வேண்டியிருக்கிறது. இது தமிழின் குறைபாடு என்று என் நண்பர் வாதிடுகிறார். தங்கள் கருத்து என்ன?
— ஒரு வாசகர், உச்சிப்புளி.

பதில்: தங்கள் நண்பரின் வாதத்தை நான் ஏற்கவில்லை. அவர் ஒரு பக்கத்து வாசலில் மட்டும் நின்று பார்க்கிறார். நீங்களே எழுதிய ‘காய்ச்சல் அடிக்கிறது’ என்பதிலிருந்து தொடங்கி, மறு வாசல் வழியாக அவரை அழைத்துப் போங்கள். காய்ச்சல் அடிக்கிறது, வெயில் அடிக்கிறது, காற்று அடிக்கிறது, நாற்றம் அடிக்கிறது. கோயிலில் மணி அடிக்கிறார்கள், சுவருக்கு வெள்ளை அடிக்கிறார்கள், சைக்கிளுக்குக் காற்று அடிக்கிறார்கள், அழைப்பிதழ் அடிக்கிறார்கள், படகுக்குப் பெயின்ட் அடிக்கிறார்கள். ஒருவன் கண் அடிக்கிறான், ஒருவன் அரட்டை அடிக்கிறான், ஒருவனுக்கு யோகம் அடிக்கிறது. இவற்றை ஆங்கிலத்தில் பெயர்க்கச் சொன்னால் ஒவ்வொன்றுக்கும் ஒரு வினையைத் தேடி அவர்தான் அலைய வேண்டும். காய்ச்சலை ஓர் ஆங்கிலேயர் ‘ரன்’ செய்கிறார், நம்மை அது ‘அடிக்கிறது’. இரண்டு மொழியாரும் தங்கள் வீட்டிலிருந்த பழைய, சிறிய, எந்நேரமும் கைக்கு எட்டும் வினையொன்றைத்தான் எடுத்திருக்கிறார்கள்.

எந்த மொழியிலும் மிகப் பல பொருள் சுமப்பவை இத்தகைய குட்டிச் சொற்கள்தாம். ஆங்கிலத்தில் கோ, கெட், செட், புட், டேக். நம்மிடம் அடி, பிடி, விடு, எடு, போடு. பிடி என்பதை எடுத்துக்கொண்டால், உங்கள் கரையில் மீன் பிடிக்கிறார்கள், பிடித்த மீனைப் படம் பிடிக்கிறார்கள், பேருந்தைப் பிடிக்கிறார்கள், மழை பிடித்துக்கொள்கிறது, மனத்துக்கு ஒரு பெண்ணைப் பிடிக்கிறது. நீளமான, கடன் வாங்கிய, ஏட்டில் மட்டும் வழங்கும் சொல் ஒன்று இத்தனை வேலை பார்த்து நான் கண்டதில்லை. பள்ளியில் நாங்கள் நீளச் சொற்களைத்தான் கடினச் சொற்கள் என்று பட்டியலிட்டு மனப்பாடம் செய்ய வைத்தோம். உண்மையில் மாணவரைக் கவிழ்ப்பவை இந்தச் சிறிய சொற்களே என்பதை ஓய்வு பெற்ற பிறகே நன்றாக உணர்ந்தேன், அதற்காக வருந்துகிறேன்.

கேள்வி: பதினோராம் வகுப்பில் ‘மறக்க முடியாத நாள்’ என்று ஆங்கிலத்தில் கட்டுரை எழுதச் சொன்னார்கள். பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிய பிறகும், முந்தின நாளே கடலுக்குப் போயிருந்த அப்பாவின் படகு திரும்பவில்லை. அன்று முழுவதும் அம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அதை ‘ஹெர் ஹேண்ட்ஸ் அண்ட் லெக்ஸ் டிட் நாட் ரன்’ என்று எழுதினேன். ஆசிரியர் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டிருக்கிறார். அப்பா மறுநாள் வந்துவிட்டார். ஆனால் அந்த வரியை எப்படி எழுதியிருக்க வேண்டும்?
— மாணவி, தங்கச்சிமடம்.

பதில்: அப்பா வந்து சேர்ந்தார் என்ற வரியைப் படித்த பிறகுதான் கடிதத்தின் மீதியை என்னால் படிக்க முடிந்தது, அம்மா.

இத்தனை பக்கங்களில் ‘ஓடு’ என்பதும் ‘ரன்’ என்பதும் எங்கெல்லாம் ஒத்துப்போகின்றன என்று பார்த்தோம். நீங்கள் கேட்டிருப்பது அவை ஒத்துப்போகாத இடம். ‘கை ஓடவில்லை’ என்பதில் கை விரைந்து செல்லவில்லை என்ற பொருள் இல்லை. எந்த வேலையைத் தொட்டாலும் அது மேலே நகரவில்லை, மனம் அதில் நிற்கவில்லை என்பது பொருள். ஆங்கிலத்தில் கையோடு ‘ரன்’ அப்படிச் சேர்வதில்லை. படிக்கிறவருக்கு உங்கள் அம்மாவுக்கு ஏதோ நோய் என்றுதான் தோன்றும். அவர் எதையும் செய்ய இயலாமல் தவித்தார் என்ற பொருள்பட ஆங்கிலத்தில் நேராக எழுதலாம், பிழை வராது. ஆனால் உங்கள் அம்மாவை அந்த வரியில் காண முடியாது.

ஆகவே மரபுத்தொடரைப் பெயர்க்க முயல வேண்டாம். அன்று அந்தக் கை என்ன செய்யாமல் நின்றது என்று நினைவுக்குக் கொண்டுவாருங்கள். அரிசியைக் களைந்த தண்ணீரோடு பானை அப்படியே இருந்ததா? அடுப்பைப் பற்றவைக்கக் குனிந்தவர் தீக்குச்சியைக் கையில் வைத்துக்கொண்டே வாசலைப் பார்த்தாரா? பாதி பின்னிய வலையில் ஊசி குத்தியபடி கிடந்ததா? எது நடந்ததோ அதை, இலக்கணம் தெரிந்த எளிய ஆங்கிலத்தில் இரண்டு மூன்று வாக்கியமாக எழுதுங்கள். எழுதியதை ஆசிரியரிடம் மறுபடியும் காட்டுங்கள். எனக்கும் ஒரு படி அனுப்பினால் மகிழ்வேன்.